தலையில் இருப்பது எந்த எண்ணெய்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் பிரிக்கும்வரை தலைக்குக் குளிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எழுபது வயதிலும் வாரம் இரண்டு முறை தலைக்கு ஊற்றிக்கொள்பவர் அவர். ஐந்தாம் நாளே தலையணை உறை பிசுபிசுத்தது. ஏழாம் நாள் பார்க்க வந்த அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டவரால் அந்தத் தலையைப் பொறுக்க முடியவில்லை. அன்று மாலைதான் வாழ்க்கையில் முதன்முதலாக, தண்ணீரில்லாமலே தலையின் எண்ணெயை உறிஞ்சும் டிரை ஷாம்பு ஒன்றை வாங்கினேன். அதுவரை அதை ஆடம்பரச் சாமான் என்றே நினைத்திருந்தேன்.

அந்த முதல் டப்பா சரிப்படவில்லை. மூடிய அறையில் அடித்ததும் அம்மாவுக்கு இருமல் கண்டது. வாசனை விடியும்வரை போகவில்லை. அடுத்து, தூளாகவே வருவதை வாங்கினேன், அது ஒத்துக்கொண்டது. அதே தூளை, எண்ணெய் வழியும் என் தலையிலும் ஒருநாள் போட்டுக்கொண்டு வேளச்சேரியில் ரயில் ஏறினேன். திருமயிலை வருவதற்குள் வகிடு முழுக்கக் களிம்பு. ஒரே வீடு, ஒரே தூள். ஒரு தலைக்கு அது மருந்தானது, இன்னொரு தலையில் பசையானது. ஏன் என்று தேடத் தொடங்கிய நாள் அது. பல டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்தும், தோல் மருத்துவர்கள் எழுதியவற்றைப் புரட்டியும், நானும் என்னைச் சுற்றியுள்ள பெண்களும் போட்டுப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எண்ணெய்ப் பசை முடிக்கு நல்ல டிரை ஷாம்பு எது என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், தலையில் இருப்பது எந்த எண்ணெய் என்று கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கேட்காததால்தான் பாதி டப்பாக்கள் அலமாரியில் தூசு படிகின்றன.

நம் தலையில் ஊறும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். மயிர்க்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதன் உயிரணுக்கள் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே முதிர்ந்து, கடைசியில் தாமே உடைந்து எண்ணெயாக வெளியே வருகின்றன. முகத்திலும் உச்சந்தலையிலும்தான் இந்தச் சுரப்பிகள் மிக நெருக்கம்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை. சீபத்தில் பாதிக்கு மேல் டிரைகிளிசரைடும் அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்களும். கால்வாசி மெழுகு வகை. சுமார் 12 சதவீதம் ஸ்குவாலின். ஆண்ட்ரஜன் ஹார்மோன்கள் இதை முடுக்கிவிடுவதால்தான் பூப்பெய்தும் வயதில் நெற்றியும் தலையும் ஒன்றாக மினுங்கத் தொடங்குகின்றன. நேரான முடியில் சீபம் தடையில்லாமல் கீழே இறங்கும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தங்கித் தங்கிப் போகும். அக்கா தங்கை இருவர் ஒரே நாளில் தலைக்குக் குளித்து, ஒருத்திக்கு மட்டும் மறுநாளே முடி படிந்துபோவதற்கு இது ஒரு காரணம். முடி மெலிதாக இருந்தால் கொஞ்சம் எண்ணெயே அதைச் சாய்த்துவிடும்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. தோலின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சீபம் வெளிவரும் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்று 1970-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சித்திரை மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்தும் போதவில்லை என்று நம் பெண்கள் சொல்வதைச் சோம்பல் என்றோ சுத்தக் குறைவு என்றோ யாரும் பேச வேண்டியதில்லை.

ஷாம்பு போடுவதைக் குறைத்தால் தலை பழகிக்கொண்டு எண்ணெய் சுரப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று இன்று பலர் சொல்கிறார்கள். இதை நம்பி ஒரு மாதம் எண்ணெய்த் தலையோடு அலைந்த தோழி எனக்கு உண்டு. சுரப்பிக்கு வெளியே எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் வழி இல்லை. கிளிக்மன், ஷெல்லி என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1958-லேயே இந்தக் கருத்தைச் சோதித்து மறுத்துவிட்டார்கள். சுரப்பி தன் போக்கில் சுரக்கிறது. நாம் துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் அதன் வேகம் மாறாது. ஆகவே தலையைப் ‘பழக்குவதற்காக’ டிரை ஷாம்பு வாங்குகிறவர்கள் அந்தக் காரணத்தை விட்டுவிடலாம்.

ஆனால் நம் ஊர்த் தலையில் சீபம் தனியாக இருப்பதில்லை. கையால் தேய்த்த தேங்காய் எண்ணெய் இருக்கும். வியர்வை இருக்கும். சரியாக அலசப்படாத கண்டிஷனரோ, பளபளப்புக்குத் தடவிய சீரமோ இருக்கும். நான்கும் பார்ப்பதற்கு ஒரே பிசுபிசுப்புதான். டிரை ஷாம்பு கையாளக்கூடியது இவற்றில் சீபத்தை மட்டுமே. தடவிய எண்ணெய் சீபத்தைவிடப் பல மடங்கு கனமாக முடி நெடுகிலும் படிந்திருப்பது. அதன் மேல் தூளைப் போட்டால் மாவு பிசைந்த மாதிரி ஆகும். வியர்வை உப்புத் தண்ணீர். அதில் மாவுப் பொருள் நனைந்து கட்டியாகும். ரயிலில் என் வகிட்டில் நடந்தது அதுதான்: தூள் எண்ணெயை உறிஞ்சியது உண்மை, பிறகு பிடரியிலும் நெற்றியோரத்திலும் ஊறிய வியர்வை அதைக் கஞ்சியாக்கிவிட்டது. அம்மா மின்விசிறிக்குக் கீழே அசையாமல் படுத்திருந்தார். அவர் தலையில் சீபம் மட்டுமே இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தலைக்குக் குளித்து, எதுவும் தடவாமல் ஒருநாள் விட்டு, மறுநாள் காலை எழுந்தவுடன் டிஷ்யூ தாளை வகிட்டில் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் கறை காயாமல் இருந்தால் அது சீபம். சிறிது நேரத்தில் காய்ந்து மறைந்தால் வியர்வை. மயிர்க்கால் பக்கம் சுத்தமாக இருந்து, காதுக்குக் கீழே முடி மட்டும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கண்டிஷனரோ சீரமோதான். அதற்கு மருந்து டிரை ஷாம்பு இல்லை, இன்னும் ஒரு வாளி தண்ணீர்.

எண்ணெய் தடவுவதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நான் படித்த பள்ளியில் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டாமல் போனால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். இயல்பிலேயே எண்ணெய் வழியும் தலை என்னுடையது. பன்னிரண்டு வயதில் நெற்றி முழுக்கப் பரு வந்தபோதும் அந்த விதி தளரவில்லை. எண்ணெய் கெட்டது என்று சொல்ல வரவில்லை. தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் நுழைந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்பதை ரெலே, மொகிலே என்ற மும்பை ஆய்வாளர்கள் 2003-ல் காட்டினார்கள். கனிம எண்ணெயாலும் சூரியகாந்தி எண்ணெயாலும் அது முடியவில்லை. ஆனால் அந்த நன்மை முடித் தண்டுக்கு. மயிர்க்காலுக்கு ஏற்கெனவே சொந்த எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்த் தலைக்காரர்கள் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியின் கீழ்ப் பாதியில் மட்டும் தடவிக்கொண்டு அலசிவிட்டால் இரண்டும் நடக்கும். அதைச் செய்தாலே சிலருக்கு டிரை ஷாம்பு தேவைப்படாமல் போகும்.

ஷாம்பு என்ற சொல்லே எண்ணெயோடு பிறந்தது. இந்தியில் அழுத்திப் பிசைந்து விடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் 1759-ல் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் எண்ணெய்ப் பிசைதலும் செய்யும் நிலையம் வைத்து, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ ஆனார். பின்னால்தான் அந்தச் சொல் தலை கழுவும் பொருளுக்கு வந்தது. அந்தப் பொருள் பாட்டிலை விட்டுச் சின்னப் பாக்கெட்டுக்குள் வந்ததில் கடலூருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ஊர்க்காரர் சின்னிகிருஷ்ணன் தொடங்கிவைத்த சாஷே முறையை அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் தலை கழுவ வழி இருக்கும் நாட்டில், பல நூறு ரூபாய் கொடுத்து டிரை ஷாம்பு வாங்கச் சொல்வதற்குக் காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

தலையில் மாவு தூவுவது ஐரோப்பாவில் பழைய பழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் பொய்முடிக்கும் சொந்த முடிக்கும் கொழுப்புக் களிம்பு பூசி, அதன் மேல் ஸ்டார்ச் தூள் தூவினார்கள். 1795-ல் கோதுமைத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டன் அரசு தலைத் தூளுக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி போட்டது. அந்த வழக்கமும் ஒழியத் தொடங்கியது. 1940-களில் அமெரிக்கக் கடைகளில் மினிபூ என்ற பெயரில் பெட்டியில் அடைத்த தூளும், 1970-களில் பிரிட்டனில் பட்டீஸ்ட் ஸ்ப்ரேயும், பிரான்சில் க்ளோரேனின் ஓட்ஸ் பால் டிரை ஷாம்புவும் வந்தன. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சிஎஃப்சி வாயுக்களை ஸ்ப்ரேக்களில் பயன்படுத்த 1978-ல் அமெரிக்கா தடை விதித்தது. அதன்பின் அந்த இடத்தைப் பிடித்தவை பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோபேன். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடி வருவேன்.

டப்பாவின் பின்பக்கம் சேர்மானங்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் முதல் இரண்டு மூன்று பெயர்கள் வாயுக்களே. நாம் காசு கொடுத்து வாங்கும் எடையில் பெரும்பங்கு காற்றில் போய்விடுகிறது. வேலை செய்வது அதற்கு அடுத்து வரும் ஸ்டார்ச்தான். மாவுப் பொருளின் துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு பரப்பு கிடைக்கும், எண்ணெயும் அவ்வளவு விரைவாக அதில் ஏறும். அரிசி ஸ்டார்ச்சின் துகள் 3 முதல் 8 மைக்ரான். மக்காச்சோளத்துடையது சராசரியாக 15 மைக்ரான் அளவு. உருளைக்கிழங்குடையது 100 வரைகூடப் போகும். நல்ல டிரை ஷாம்புகள் பலவும் அரிசி ஸ்டார்ச்சை நம்பியிருப்பது இதனால்தான். ‘ஒரைஸா சட்டைவா’ என்று தாவரப் பெயரில் எழுதியிருந்தால் நம் நெல்தான் அது.

மரவள்ளி ஸ்டார்ச்சும் இப்போது நிறைய டிரை ஷாம்புகளில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்தூர்ச் சாலை ஓரத்தில் வெயிலில் காயும் ஜவ்வரிசிக் களங்கள் ஞாபகம் வரும். சேலம், நாமக்கல் வட்டாரத்தின் குச்சிக்கிழங்கு ஆலைகள் தலைமுறை தலைமுறையாக எடுப்பது இதே ஸ்டார்ச்சைத்தான். அந்த ஆலைகளுக்கென்று 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது; 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் டப்பாவுக்குள் இருக்கும் மூலப்பொருள் சேலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. நம் ஊர் வியர்வைக்கும் நம் முடிக்கும் ஏற்ற டிரை ஷாம்பு ஒன்றை அங்கிருந்தே யாராவது செய்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

வெறும் ஸ்டார்ச்சின் குறை, அது தண்ணீரையும் உறிஞ்சும் என்பது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம். அங்கே வாங்குகிறவர்கள் தேட வேண்டிய பெயர் அலுமினியம் ஸ்டார்ச் ஆக்டெனில்சக்சினேட். பெயர் பயமுறுத்தும், பொருள் எளிது. ஸ்டார்ச்சை எண்ணெயோடு சேரும்படியும் தண்ணீரை விலக்கும்படியும் வேதிமுறையில் மாற்றியது அது. வியர்வையில் கட்டியாகாமல் தூளாகவே நிற்கும். சிலிக்காவும் அப்படியே: மிகச் சிறிய அளவே நிறைய எண்ணெயைப் பிடிக்கும், முடிக்குக் கொஞ்சம் தூக்கலும் கொடுக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் விரல் ஓட்ட முடியாதபடி சொரசொரப்பாகும். களிமண் வகைகள், அதாவது கயோலின், பென்டொனைட், நம் முல்தானி மட்டி, எண்ணெயை நன்றாக இழுக்கும். ஆனால் கனம். மெல்லிய முடியைத் தூக்குவதற்குப் பதில் அமுக்கிவிடும். கோயம்புத்தூர், தருமபுரி மாதிரி காற்று உலர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு வெறும் அரிசி ஸ்டார்ச்சே போதும். கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஸ்டார்ச்சுக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் இருக்கும். அது சட்டென்று ஆவியாகித் தூளை உலர்வாகப் படியவைக்கும். எண்ணெய்த் தலைக்கு அது தொந்தரவில்லை. சொறிந்து புண்ணான தலைக்கு எரியும். கடைசி வரிகளில் வரும் லிமோனின், லினலூல் எல்லாம் வாசனைப் பொருட்கள். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அந்த வரியை. என் அனுபவத்தில் வாசனை தூக்கலாக இருக்கும் டப்பாக்கள் எண்ணெயை உறிஞ்சுவதில் பெரும்பாலும் சுமார்தான். குளித்த உணர்வை மூக்கு வழியாகத் தந்து சமாளிக்கின்றன.

கறுத்த முடிக்காரர்களின் பெரிய புகார் வெள்ளைப் படிவு. இது நம் கை செய்யும் பிழை பாதி, பொருளின் பிழை பாதி. அரை அடிக்கு உள்ளே வைத்து அடித்தால் எந்தத் தூளும் சுண்ணாம்பு அடித்த மாதிரித்தான் நிற்கும். ஒரு முழம் தள்ளிப் பிடிக்காவிட்டாலும் முக்கால் அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேலும் வெள்ளை தெரிந்தால் இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த வகை இருக்கிறது. பட்டீஸ்ட்டும் க்ளோரேனும் கருமுடிக்கென்று தனியாக விற்கின்றன. அது வகிட்டில் நரையையும் கொஞ்சம் மறைக்கும் என்பதால் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் விரலில், தலையணையில், வெள்ளைச் சட்டைக் காலரில் பழுப்பாக ஒட்டும். நான் வாங்குவது நிறமில்லாததைத்தான். காத்திருந்து நன்றாகத் தட்டிவிட்டால் வெள்ளை நிற்பதில்லை.

இந்தக் காத்திருப்பை யாரும் செய்வதில்லை. அடித்த உடனே சீப்பை எடுக்கிறார்கள். ஸ்டார்ச் எண்ணெயை உறிஞ்ச ஐந்து நிமிடமாவது வேண்டும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, உலர்ந்த தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, மயிர்க்கால் பக்கம் மட்டும் மெலிதாகப் போட்டு, விட்டுவிட வேண்டும். பிறகு விரல் நுனியால் தேய்த்து, தலையைக் குனிந்து உதறி, சீப்பால் வார வேண்டும். நுனி முடிக்கு ஒருபோதும் தேவையில்லை. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: முதல்நாள் இரவே, எண்ணெய் வழிய ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொண்டு படுப்பது. சீபம் ஊற ஊறத் தூள் ஏற்றுக்கொள்ளும். காலையில் வெள்ளையும் இருக்காது. எனக்கு எந்த விலையுயர்ந்த டப்பாவும் இந்த ஒரு மாற்றம் செய்த அளவுக்கு உதவவில்லை.

இனி அந்த மூன்று வாயுக்கள். 2021 டிசம்பரில் பி அண்ட் ஜி நிறுவனம் பான்டீன், ஹெர்பல் எசென்சஸ் உள்ளிட்ட பெயர்களில் விற்ற ஸ்ப்ரே டிரை ஷாம்புகளை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. 2022 அக்டோபரில் யூனிலீவர், டவ், ட்ரெசமே உள்ளிட்ட பெயர்களில் 2021 அக்டோபருக்கு முன் தயாரானவற்றைத் திரும்பப் பெற்றது. காரணம் பென்சீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கும் பொருள் அது. முக்கியமாக ரத்தப் புற்றுநோய். டிரை ஷாம்பு செய்ய யாரும் பென்சீன் சேர்ப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் உந்துவாயுவோடு அது மாசாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஆண்டே அமெரிக்காவின் வாலிஷ்யூர் ஆய்வகம் 34 பெயர்களில் 148 தொகுதி டிரை ஷாம்புகளைச் சோதித்து, அவற்றில் 70 சதவீதத்தில் அளவிடக்கூடிய பென்சீன் இருந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தது. மருந்துகளில் வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பத்து லட்சத்தில் 2 பங்குவரை விடலாம் என்பது அங்கே உள்ள விதி.

நிறுவனங்கள், கண்டறிந்த அளவில் தினமும் பயன்படுத்தினாலும் தீங்கு வர வாய்ப்பில்லை, முன்னெச்சரிக்கையாகத்தான் திரும்பப் பெறுகிறோம் என்றன. இருக்கலாம். ஆனால் டிரை ஷாம்பு முகத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் மூடிய குளியலறையில், மூச்சு இழுத்துக்கொண்டே அடிக்கும் பொருள். எண்ணெய்த் தலைக்காரர்கள் அதை ஆண்டுக்கணக்கில் அடிக்கிறார்கள். தூளாக அதே வேலையைச் செய்யும் பொருள் கிடைக்கும்போது, வாயுவோடு வருவதை வீட்டில் வழக்கமாக்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடு, கர்ப்பிணிகள் ஆகியோருக்கு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம் என்பேன். தூளையும் மூக்கருகே கொட்டாமல் கையில் எடுத்துத் தடவுவது நல்லது.

இதே வாயுக்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. பியூட்டேனும் புரோபேனும் கலந்ததுதான் நம் அடுப்பு எரியும் சமையல் எரிவாயு. காலையில் அவசரத்தில் பூஜை அறை விளக்கு எரிந்துகொண்டிருக்க, பக்கத்து அறைக் கண்ணாடி முன் நின்று டிரை ஷாம்பு அடிக்கும் வீடுகள் நம்முடையவை. சாம்பிராணித் தணல், ஊதுவத்தி, கேஸ் அடுப்பு, எதன் அருகிலும் அடிக்கக் கூடாது. அடித்த தலையோடு உடனே அடுப்பின் மேல் குனியவும் கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். கைப்பையில் இருக்கலாம்; காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

முகத்துக்குப் போடும் பவுடரையே தலையில் தட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் பெரும்பாலும் டால்க். அது கல்லை அரைத்த தூள். ஸ்டார்ச் அளவுக்கு எண்ணெயை உறிஞ்சாது, மேலே பூசினாற்போல் நிற்கும். 2024-ல் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பிரிவுக்கு உயர்த்தியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2023-லேயே உலகெங்கும் குழந்தைப் பவுடரில் டால்க்கை விட்டு மக்காச்சோள ஸ்டார்ச்சுக்கு மாறிவிட்டது. டிரை ஷாம்பு வாங்கும்போதும் டால்க் இல்லாததைப் பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்ய முடியாதா என்றால், முடியும். சமையலுக்கு வாங்கும் கார்ன்ஃப்ளவரோ கூவைக்கிழங்கு மாவோ போதும்; இரண்டுமே கிட்டத்தட்டத் தூய ஸ்டார்ச். இரண்டு கரண்டி எடுத்து, பழைய மிருதுவான பவுடர் பிரஷ்ஷால் மயிர்க்காலில் தடவி, ஐந்து நிமிடம் கழித்துத் தட்டிவிட்டால், மிதமான எண்ணெய்க்கு அது கடைச் சரக்குக்கு இளைத்ததில்லை. கறுத்த முடிக்குக் கொஞ்சம் கோக்கோ தூள் கலப்பவர்கள் இருக்கிறார்கள். வியர்த்தால் நெற்றியில் பழுப்பாக வழியும். வீட்டில் அரைத்த அரிசி மாவு வேண்டாம். அது கொரகொரப்பு, ஸ்டார்ச்சோடு புரதமும் தவிடும் இருப்பதால் வியர்வையில் புளித்து நாறும். பயத்த மாவுக்கும் கடலை மாவுக்கும் இதே கதைதான். அவை தண்ணீரோடு தேய்த்துக் குளிக்க ஏற்பட்டவை. சமையல் சோடா கூடவே கூடாது. அதன் காரத்தன்மை தலைத்தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மைக்கு நேர் எதிர்.

அரப்பும் சீயக்காயும் இந்தக் கணக்கில் சேராது என்றாலும் எண்ணெய்த் தலையைப் பற்றிப் பேசும்போது அவற்றை விட முடியாது. கொங்கு நாட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அரப்பைத்தான் நம்புவார்கள். உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். ஒரே தேய்ப்பில் பிசுக்கை எடுத்துவிடும். தண்ணீர் இருந்தால் இதற்கு ஈடாக எந்த டிரை ஷாம்புவும் வராது. தண்ணீரில்லாமல் முடியைக் கவனிக்கச் சங்க காலத்துப் பெண்களுக்கு அகிற்புகை இருந்தது. நம் பாட்டிகளுக்குச் சாம்பிராணிப் புகை. அவை ஈரத்தையும் வாடையையும் போக்கின. எண்ணெயைத் தொடவில்லை.

டிரை ஷாம்பு தலையைக் கழுவுவதில்லை என்பதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். பொடுகை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை நம் எல்லோர் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள அதனால் முடியாது. சீபத்தைத் தின்றே பிழைக்கிறது. தூளில் ஊறிய எண்ணெய் தலையிலேயே நாள்கணக்கில் இருந்தால் அதற்கு விருந்து. அரிப்பும் செதிலும் இருக்கும் தலையில் தூளைப் போட்டு மறைப்பவர்கள், தூளின் வெள்ளை எது, பொடுகின் வெள்ளை எது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்குத் தேவை கீட்டோகொனசோல் ஷாம்புவும் தோல் மருத்துவரும். மற்றவர்களும் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் டிரை ஷாம்புவில் ஓட்டக் கூடாது. மூன்றாம் நாள் தண்ணீர் பட்டே ஆக வேண்டும். எண்ணெய்த் தலைக்குத் தினமும் மிதமான ஷாம்பு போட்டுக் குளிப்பதால் கேடில்லை. கழுவக் கழுவ முடி கொட்டும் என்ற பயம் வேண்டாம். எப்படியும் விழ இருந்த முடிதான் அப்போது கையோடு வருகிறது.

அப்படியென்றால் இது யாருக்கு? தண்ணீர் இருந்தும் குளிக்க முடியாதவர்களுக்கும், குளிக்கத் தண்ணீரே இல்லாதவர்களுக்கும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த நாட்களில், சென்னையின் மகளிர் விடுதிகளில் ஆளுக்கு ஒரு வாளி என்று அளந்து ஊற்றினார்கள். நீண்ட முடியை அலச அது எப்படிப் போதும்? விண்வெளி நிலையத்தில் இருந்தபடி கேரன் நைபர்க் 2013-ல் தன் நீண்ட முடியை, அலசத் தேவையில்லாத ஷாம்புவும் சில சொட்டுத் தண்ணீரும் துண்டும் வைத்துச் சுத்தம் செய்து காட்டிய காணொளியைப் பார்த்தபோது எனக்கு அந்த விடுதிகள்தான் நினைவுக்கு வந்தன. பிரசவித்த பெண்கள், தையல் போட்டவர்கள், மாவுக்கட்டோடு கிடப்பவர்கள், இரவுப் பணி முடிந்து நேரே இன்னொரு வேலைக்குப் போகிறவர்கள் என்று இந்தப் பொருளுக்கு உண்மையான உரிமைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். விளம்பரத்தில் அவர்கள் முகம் வருவதே இல்லை.

என் வீட்டு அலமாரியில் இப்போது இருப்பது வாசனையில்லாத, டால்க் இல்லாத, மாற்றிய ஸ்டார்ச்சும் கொஞ்சம் சிலிக்காவும் சேர்ந்த தூள் டப்பா ஒன்று. மழைக்காலத்துக்கும் பயணத்துக்கும் அது. கோடையில் நான் அதைத் தொடுவதில்லை. வியர்க்கும் தலைக்குத் தண்ணீர்தான். அம்மாவுக்குத் தையல் பிரித்தது பத்தொன்பதாம் நாள். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெந்நீர் விளாவி, அரப்பு கரைத்து வைத்தேன். இடையில் இரண்டு முறை ஈரத்துணியால் தலையை ஒற்றி எடுத்திருந்தும், முதல் சொம்பு ஊற்றியதும் தண்ணீர் வெள்ளைவெளேரென்று கஞ்சி போல ஓடியது. நாலாவது சொம்புக்குத்தான் தெளிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தும்மா என்றார்.